உப்புத் தண்ணி மேல் போடும் பழிகள்

கோயம்புத்தூர்க்காரர்கள் வெளியூர் போனால் தவறாமல் சொல்லும் பெருமை ஒன்று உண்டு: “எங்க சிறுவாணித் தண்ணிதான் உலகத்துலயே ரெண்டாவது ருசியான தண்ணி.” முதலாவது எது என்று கேட்டால் சிலர் நைல் என்பார்கள், பலர் பேச்சை மாற்றிவிடுவார்கள். உலகத்து ஆறுகளையெல்லாம் குடித்துப் பார்த்து மதிப்பெண் போட்ட நடுவர் யார் என்று எவரும் சொல்வதில்லை. அந்தப் பட்டம் சிறுவாணிக்குத் தேவையும் இல்லை. மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டில் பெய்யும் மழை, எளிதில் கரையாத பாறைமேல் ஓடிச் சீக்கிரமே அணைக்கு வந்துவிடுகிறது. தாதுக்களைக் கரைத்துக்கொள்ள அதற்கு அவகாசமில்லை. அதே ஊரில் ஆயிரம் அடி வரை போர் போட்டு இறைக்கும் தண்ணீரோ பாறை வெடிப்புகளில் நெடுங்காலம் தங்கி, கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் கரைத்துக்கொண்டு வருகிறது. இந்த இரண்டும் சேர்ந்ததுதான் கடினத்தன்மை.

ஆகவே பல வீடுகளில் குழாய் இரண்டு. குடிக்கவும் சமைக்கவும் நல்ல தண்ணி, மற்ற எல்லாவற்றுக்கும் உப்புத் தண்ணி. முன்னதற்குக் கிடைப்பது புகழ், பின்னதற்குப் பழி. அந்தப் பழிகளில் பல செல்லாது. உப்புத் தண்ணி நிஜமாகவே செய்யும் கெடுதல்களை நாம் கவனிப்பதும் இல்லை.

பழிகளில் பெரியது சிறுநீரகக் கல். குழாயில் படிவது போலவே வயிற்றுக்குள்ளும் படியும் என்று நினைக்கத் தோன்றும். பெரும்பாலான கற்கள் கால்சியம் ஆக்சலேட் என்பதால் சந்தேகம் இன்னும் வலுக்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். இந்தியத் தர நிர்ணய அமைப்பின் ஐ.எஸ். 10500 தரத்தின்படி குடிநீரில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு தண்ணீருக்கு வழியில்லாத இடத்தில் 600 வரை அனுமதி. கடினத்தன்மையைக் கால்சியம் கார்பனேட் கணக்கில் சொல்வதால், அந்த 600 முழுவதும் கால்சியத்தால் வந்தது என்றே வைத்துக்கொண்டாலும், ஒரு லிட்டரில் இருக்கும் கால்சியம் 240 மில்லிகிராம். ஒரு டம்ளர் பாலில் இருப்பதும் ஏறக்குறைய அவ்வளவே. உணவோடு சேரும் கால்சியம் ஆக்சலேட்டைக் குடலிலேயே பிடித்துக்கொண்டு வெளியேறுவதால், கல் உண்டாகும் வாய்ப்பு குறையவும் செய்கிறது. கடினநீருக்கும் கல்லுக்கும் தொடர்பு தேடிய ஆய்வுகள் ஒரே முடிவுக்கு வரவில்லை. உலக சுகாதார நிறுவனமும் உடல்நலக் காரணம் காட்டிக் கடினத்தன்மைக்கு வரம்பு விதிக்கவில்லை. தண்ணீர் குறைவாகக் குடிப்பதுதான் கல்லுக்குப் பெரிய காரணம். பட்டறையிலும் வார்ப்பாலையிலும் நாளெல்லாம் வியர்த்துவிட்டு, ‘உப்புத் தண்ணிதானே இருக்கு’ என்று குடிக்காமல் இருப்பவருக்குத்தான் ஆபத்து அதிகம்.

அடுத்தது முடி கொட்டுவது. இதை நம் ஊரிலேயே சோதித்திருக்கிறார்கள். கோவை பி.எஸ்.ஜி. மருத்துவமனை மருத்துவர்கள் 2013-இல் வெளியிட்ட ஆய்வில், 15 பேரின் முடியை இரண்டாக வெட்டி, ஒரு பாதியைக் கடினநீரிலும் மறு பாதியைக் காய்ச்சி வடித்த நீரிலும் தினமும் 10 நிமிடம் வீதம் 30 நாள் ஊறவைத்தார்கள். வலிமையிலும் நெகிழ்விலும் சொல்லும்படியான வேறுபாடு இல்லை. அவர்கள் எடுத்துக்கொண்ட நீரின் கடினத்தன்மை 212 அளவில்தான் இருந்தது. அதைவிடக் கடுமையான போர் தண்ணீர் இங்கே நிறைய உண்டு. பின்னர் பாகிஸ்தானில் நடந்த ஓர் ஆய்வு முடியின் வலிமை குறைவதாகச் சொன்னது. ஆகவே முடி முரடாகும், நடுவில் ஒடியலாம் என்பதை ஒப்புக்கொள்ளலாம். வேரோடு கொட்டுவது வேறு சங்கதி. அதற்கு இரும்புச்சத்து, தைராய்டு, பரம்பரை என்று தேட வேண்டும். சோப்பு கால்சியத்தோடு சேர்ந்து திரிந்து, பிசுக்காகத் தலையில் ஒட்டுவது நிஜம். அரப்பும் சீயக்காயும் அப்படித் திரிவதில்லை. கொங்கு நாட்டுப் பாட்டிமார்கள் அரப்பை விடாமல் வைத்திருந்ததில் ரசாயனம் இருக்கிறது.

உப்புத் தண்ணியில் பருப்பு வேகாது என்பார்கள். இது பழியல்ல, முழு உண்மை. கால்சியம் பருப்பிலுள்ள பெக்டினைப் பிணைத்து இறுக்கிவிடுகிறது. ஊறவைப்பதும் நல்ல தண்ணியில் இருந்தால் இன்னும் நல்லது.

காய்ச்சினால் சரியாகிவிடும் என்பது பாதி உண்மை. கிருமி சாகும். பைகார்பனேட்டாக இருக்கும் பகுதி வெள்ளைப் பொடியாகப் படிந்துவிடும். சல்பேட்டாகவும் குளோரைடாகவும் இருப்பது அப்படியே நிற்கும். படிகாரம் கலங்கலைத் தெளிய வைக்கும், கடினத்தன்மையைத் தொடாது.

காய்ச்சும்போது பாத்திரத்தில் படிவதுதான் கெய்சருக்குள்ளும் படிகிறது. இதுதான் உப்புத் தண்ணி நம் பையில் கை வைக்கும் இடம். அந்த வெள்ளைப் பொருக்கு கால்சியம் கார்பனேட். மதுக்கரையில் வெட்டியெடுத்து சிமென்ட் செய்த சுண்ணாம்புக்கல்லும் இதேதான். காயில் மேல் பொருக்கு ஏறினால் சூடு தண்ணீருக்குப் போகாமல் காயிலிலேயே தங்கும். தண்ணீர் சுட நேரமாகும், கடைசியில் காயில் எரிந்துபோகும். தெர்மோஸ்டாட்டை 60 டிகிரிக்கு மேல் ஏற்றாமல் வைத்தால் படிவது குறையும். குழாய் வாயில் படிந்ததை வினிகரோ சிட்ரிக் ஆசிட் கரைசலோ தேய்த்து எடுக்கலாம். பாத்ரூம் ஆசிட் வேண்டாம். அது குழாயின் பளபளப்பையும் அரிக்கும். பிளீச்சிங் பவுடரோடு கலந்துவிட்டால் குளோரின் வாயு கிளம்பி மூச்சை அடைக்கும்.

இனி, வாசலுக்கு வரும் விற்பனையாளர். டம்ளரில் இரண்டு கம்பியை விட்டு மின்சாரம் கொடுப்பார். உங்கள் தண்ணீர் காவி நிறமாகத் திரியும், அவருடைய ஆர்.ஓ. தண்ணீர் தெளிவாக நிற்கும். திரிந்தது அழுக்கல்ல, கம்பியின் இரும்பு. உப்பில்லாத நீரில் மின்சாரம் அவ்வளவாகப் பாயாததால் ஆர்.ஓ. நீரில் அது நடப்பதில்லை. அதில் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டுவிட்டு மறுபடி செய்துகாட்டச் சொல்லுங்கள்.

அவர் கையிலுள்ள டி.டி.எஸ். மீட்டரும் கடினத்தன்மையை அளப்பதில்லை. கரைந்த எல்லா உப்புகளையும் சேர்த்து மின்கடத்தல் வழியாக மதிப்பிடுகிறது, அவ்வளவுதான். ‘சாஃப்ட்னர்’ வைத்த பிறகும் அந்த எண் ஏறக்குறைய அப்படியே இருக்கும். கால்சியத்தை எடுத்துக்கொண்டு சோடியத்தைக் கொடுப்பது அதன் வேலை. கெய்சருக்கும் துணிக்கும் அது போதும். ஆனால் 500 கடினத்தன்மையை அப்படி மாற்றினால் லிட்டருக்கு 230 மில்லிகிராம் சோடியம் சேரும் என்பதால், உப்பைக் குறைக்கச் சொல்லப்பட்டவர்கள் அதைக் குடிக்கக் கூடாது. செடிக்கும் ஆகாது. ஆர்.ஓ. குடிநீருக்கு மட்டும், கெய்சரை அது காப்பாற்றாது. ஒரு லிட்டருக்கு இரண்டு மூன்று லிட்டரைக் கழிவாகத் தள்ளவும் செய்கிறது. சிறுவாணி வரும் குழாயில் ஆர்.ஓ. மாட்டுவது என் பார்வையில் வீண் செலவு.

எதையும் வாங்குமுன் தண்ணீரைச் சோதித்துவிடுங்கள். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகங்களில் கட்டணம் செலுத்திப் பார்க்கலாம். மோட்டாரைச் சில நிமிடம் ஓடவிட்ட பிறகு, தொட்டியிலிருந்து அல்லாமல் போரிலிருந்தே நேராகப் பிடியுங்கள். அறிக்கை வந்ததும் கடினத்தன்மையை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைக்க வேண்டாம். போர் தண்ணீரைக் குடிப்பவர்கள் ஃபுளோரைடு 1.5-க்கும் நைட்ரேட் 45-க்கும் மேல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இவை இரண்டும் நாக்குக்குத் தெரியாது, குழாயில் வெள்ளையாகப் படிந்து காட்டிக்கொடுக்கவும் மாட்டா.