ஃபைன் கட்டிப் பழகுங்கள்
புதிதாகச் சேர்ந்த ரோட்டரி நண்பர்களுக்கு ஒரு பழைய உறுப்பினரின் பன்னிரண்டு வார்த்தைகள்

போன வாரம் உங்கள் சட்டையிலும் சேலையிலும் ரோட்டரி சக்கரத்தைக் குத்திவிட்டு, வரிசையாக நிற்க வைத்துப் படம் எடுத்தார்கள். சங்க விதிகளைச் செயலாளர் அச்சடித்துக் கொடுத்திருப்பார். அதில் இல்லாததைச் சொல்லத்தான் என்னைப் பிடித்து வந்திருக்கிறார்கள்.

கோயமுத்தூர் கணபதியில் சின்னதாக ஒரு பவுண்டரி நடத்தியவன் நான். இப்போது மகன் பார்க்கிறான். முப்பத்தைந்து வருடமாக வாரத்தில் ஒரு மதியம் மட்டும் பட்டறையை மறந்துவிட்டு இந்த மேசைக்கு வருகிறேன். "ஏனுங், வாரா வாரம் போய்த் தின்னுபோட்டுச் சிரிச்சுப்போட்டு வாறதுக்குப் பேரு சேவைங்களா?" என்று என் வீட்டுக்காரம்மா கேட்பாள். அவளுக்கு நான் சரியான பதில் சொன்னதே இல்லை. உங்கள் வீட்டிலும் கேட்பார்கள். அதற்காகவாவது இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

1. மணி அடிப்பதற்கு முன்பே வந்துவிடுங்கள்

தலைவர் ஒன்றேகாலுக்கு மணி அடிப்பார். நீங்கள் ஒரு மணிக்கே வந்துவிட வேண்டும். நாயம் பேசுவதற்குத்தான் அந்தக் கால்மணி நேரம். மழை, நூல் விலை, யார் வீட்டில் ஒறம்பறை, யார் மகனுக்குப் பொண்ணு பார்க்கிறார்கள், எல்லாம் அதில் வரும். நடவடிக்கைக் குறிப்பில் ஒரு வரியும் ஏறாது. ஆனால் ஒரு அரசுப் பள்ளியில் குழாய் உடைந்து, பிள்ளைகள் வீட்டிலிருந்து பாட்டிலில் தண்ணீர் தூக்கி வருகிறார்கள் என்பது எனக்குத் தெரிய வந்தது கை கழுவும் இடத்தில்தான். மேடையில் யாரும் சொல்லவில்லை.

2. ஒரே நாற்காலியைப் பிடிக்காதீர்கள்

1905 பிப்ரவரி 23 அன்று சிகாகோவில் யூனிட்டி கட்டடத்தின் 711ஆம் எண் அறையில் நான்கு பேர் கூடினார்கள். பால் ஹாரிஸ் வக்கீல். சில்வெஸ்டர் ஷீலி நிலக்கரி வியாபாரி. கஸ்டாவஸ் லோர் சுரங்கப் பொறியாளர். ஹைரம் ஷோரி தையல்காரர். ஒவ்வொரு கூட்டமும் ஒவ்வொருவர் இடத்தில் என்று சுழன்றதால் ரோட்டரி என்று பேர் வைத்தார்கள். 1920இல் கல்கத்தாவுக்கும், 1929இல் சென்னைக்கும், பிறகு நம் ஊருக்கும் வந்து சேர்ந்த பேர் அது. இப்போது இடம் சுழல்வதில்லை. ஆளாவது சுழல வேண்டாமா? எங்கள் பம்புக்காரர்கள் நாலு பேர் ஆறு வருடம் ஒரே மேசையில் உட்கார்ந்தார்கள். அதில் ஒருவர் கழுத்துவலிக்குப் பாலக்காடு வரை போய் எண்ணெய் தேய்த்துக்கொண்டு வந்தார். எலும்பு டாக்டர் பக்கத்து மேசையில்தான் வாரா வாரம் ரசம் குடித்துக்கொண்டிருந்தார்.

3. தொழிலைச் சொல்லுங்கள், விசிட்டிங் கார்டை நீட்டாதீர்கள்

சிகாகோக்காரர்கள் முதலில் கூடியது நட்புக்கும், ஒருவருக்கொருவர் வியாபாரம் கொடுத்து வாங்கவும்தான். அதை மறைக்க வேண்டியதில்லை. தொழிலுக்கு ஒருவர் என்ற பழைய விதியும் அதனால் வந்ததே. ஆனால் இரண்டே வருடத்தில், 1907இல், ஊர் நடுவே பொதுக் கழிப்பறை வேண்டும் என்று கிளம்பிவிட்டார்கள். ஆமாம், ரோட்டரி ஊருக்கென்று எடுத்த முதல் பெரிய வேலை கக்கூஸ் கட்டுவது. இன்றைக்கும் பள்ளிக்கூடங்களில் நம்மிடம் கேட்பது அதைத்தான். ஆகவே உங்கள் தொழிலின் அறிவைக் கொண்டு வாருங்கள். பம்புக்காரர் போர்வெல்லைப் பார்த்துச் சொல்லட்டும், ஆடிட்டர் கணக்கைப் பார்க்கட்டும். ஆர்டர் பிடிக்க வந்தவரை இந்த மேசை மூன்றாம் வாரமே கண்டுபிடித்துவிடும்.

4. பேர் சொல்லிக் கூப்பிடுவது பற்றி

பழைய சிகாகோ மேசையில் 'மிஸ்டர்' போட்டுக் கூப்பிட்டால் அபராதம். முதல் பெயரைத்தான் சொல்ல வேண்டும். நமக்கு அது ஆகாது. தொட்டில் குழந்தையையே "வாங்க தங்கம், சாப்புடுங்க" என்று கொஞ்சுகிற ஊர் இது. எழுபது வயதுக்காரரை வெறும் பேர் சொல்லிக் கூப்பிட நாக்கு எழாது. அண்ணா, அக்கா போதும். ஆனால் "முதலாளி", "எம்.டி. சார்", "சேர்மன் சார்" மூன்றையும் பார்க்கிங்கிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

5. ஃபைன் போட்டால் வாதாடாதீர்கள்

சார்ஜென்ட் அட் ஆர்ம்ஸ் என்று ஒருவர் டப்பாவோடு சுற்றுவார். பேர்தான் பட்டாளத்துப் பேர். தாமதமாக வந்தால் ஃபைன். சட்டையில் சக்கரப் பின் குத்த மறந்தால் ஃபைன். பேப்பரில் படம் வந்தால் ஃபைன். புதுக் கார் என்றால் இரண்டு மடங்கு. கல்யாண நாளை மறந்திருந்தால் உங்கள் வீட்டிலிருந்தே துப்புப் போயிருக்கும். நான் சேர்ந்தபோது பத்து ரூபாய், இப்போது நூறு.

என் முதல் ஃபைனுக்கு நான் வாதாடினேன். பட்டறையிலிருந்து நேராக வந்து கரிக் கையோடு தலைவருக்குக் கை கொடுத்துவிட்டேன். "வேலை செய்யற கை அப்படித்தான் இருக்கும்" என்று எகிறினேன். "வேலை செஞ்சதுக்கு ஃபைன் இல்லீங்கண்ணா, சோப்புப் போடாததுக்கு" என்றார் அவர். ஒட்டுக்காச் சிரித்தார்கள். நான் பாயசம் தொடாமல் எழுந்து போனேன்.

போகும் வழியில்தான் உறைத்தது. பட்டறை ஆரம்பித்த நாளிலிருந்து என்னைப் பார்த்து ஒருவரும் சிரித்ததில்லை. கோயமுத்தூர் முதலாளிகளின் ஊர். பத்துக்குப் பத்து அறையில் ஒரே ஒரு லேத் போட்டவரும் முதலாளிதான். ஷெட்டுக்குள் அவர் சொன்னதற்கு எல்லாரும் தலையாட்டுவார்கள். எங்கள் தொழிலில் மண் அச்சில் கம்பியால் குத்திக் காற்று போக வழி விடுவோம். விடாவிட்டால் உள்ளே அடைபட்ட காற்று காஸ்டிங்கில் ஓட்டையாக நிற்கும். வெளியே பளபளப்பாக இருக்கும், மெஷினில் ஏற்றினால்தான் தெரியும். ஃபைன் டப்பா அந்தக் கம்பிக் குத்து.

2012 மின்வெட்டு ஞாபகம் இருக்கிறதா? நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் கரண்ட் இல்லை. மேசையில் ஒரே வெசனம். அன்றைய சார்ஜென்ட் 'கரண்ட்' என்ற சொல்லுக்கே ஃபைன் போட்டார். அந்த மாதம் டப்பா நிரம்பியதுபோல் அதற்கு முன்னும் பின்னும் நிரம்பவில்லை. அந்தக் காசில் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு எமர்ஜென்சி விளக்கு வாங்கிக் கொடுத்தோம். எங்கள் புலம்பலில் யாரோ நாலு பிள்ளைகள் படித்தார்கள்.

6. கேலிக்கும் அளவுகோல் உண்டு

சுவரில் மாட்டியிருக்கும் நால்வழிச் சோதனையைப் பார்த்திருப்பீர்கள். 1932இல், திவாலாகிக்கொண்டிருந்த ஒரு அலுமினியப் பாத்திரக் கம்பெனியைத் தூக்கி நிறுத்த ஹெர்பர்ட் டெய்லர் தன் ஆட்களுக்காக எழுதியது. 1943இல் ரோட்டரி எடுத்துக்கொண்டது. உண்மை, நியாயம், நட்பு, நன்மை என்ற நாலையும் கேட்கும். வியாபாரத்துக்கு எழுதியதை நான் ஜோக்குக்கும் வைத்துக்கொள்கிறேன். பேங்க் நோட்டீஸ் வந்தவரின் கடனைக் கிண்டல் செய்தால் அது உண்மையில் தேறும், நியாயத்தில் தோற்கும். சாதி, நிறம், பிள்ளை இல்லாதது, மகள் கல்யாணம் தட்டிப்போனது, இவை எதிலும் தேறாது. தன்னைத்தானே கேலி செய்துகொள்ளத் தெரிந்தவர் மட்டுமே சார்ஜென்ட் ஆக வேண்டும்.

7. சாப்பாட்டைக் குறை சொல்லாதீர்கள்

அரிசிம்பருப்பும் நெய்யும் தயிரும் அப்பளமும் போட்ட வாரம் யாரும் பாக்கி வைப்பதில்லை. பன்னீரும் நூடுல்சும் வரிசை கட்டிய வாரம்தான் குப்பைத் தொட்டி நிறையும். இருந்தாலும் வாய் திறக்காதீர்கள். குறை சொன்னவரை அடுத்த வருடம் சாப்பாட்டுக் கமிட்டித் தலைவராக்கிவிடுவார்கள். நான் இரண்டு முறை இருந்திருக்கிறேன்.

8. பாட்டு வந்தால் வாயைத் திறங்கள்

முதல் சங்கத்தில் கூட்டம் சோர்ந்தபோது ஹாரி ரக்கிள்ஸ் என்ற அச்சக்காரர் எழுந்து எல்லாரையும் பாட வைத்தாராம். அது பல நாட்டு ரோட்டரிகளில் வழக்கமாகிவிட்டது. நமக்குத் தமிழ்த்தாய் வாழ்த்தும் நாட்டுப்பண்ணும் போக, பிறந்த நாள்காரருக்கு ஒரு சினிமாப் பாட்டு. சுதி சேராவிட்டால் பரவாயில்லை. சேர்ந்தால்தான் சந்தேகப்படுவார்கள்.

9. பேச்சாளரின் இருபது நிமிடத்தில் போனைத் தொடாதீர்கள்

நொய்யலைப் பற்றி, சர்க்கரை வியாதியைப் பற்றி, பாம்பைப் பற்றி யாராவது வந்து பேசுவார்கள். கூலி வாங்காமல் தன் வேலையை விட்டு வந்தவர் அவர். சாப்பிட்ட தூக்கம் கண்ணைக் கட்டினால் முன் வரிசையில் உட்காருங்கள், பயத்தில் தூக்கம் வராது. கேள்வி நேரம் உங்கள் சுயசரிதைக்கு அல்ல. ஒரு கேள்வி, ஒரு மூச்சு, உட்கார்ந்துவிடுங்கள்.

10. அம்மிணிகள் எங்கள் விருந்தாளிகள் அல்ல

நான் சேர்ந்த காலத்தில் பெண்கள் இங்கே 'ஆன்' என்ற பேரில், உறுப்பினரின் மனைவியாகத்தான் வருவார்கள். கோலப் போட்டி, சமையல் போட்டி, அவ்வளவுதான். கலிபோர்னியாவில் டுவார்ட்டே என்ற ஊர்ச் சங்கம் மூன்று பெண்களைச் சேர்த்ததற்காக 1978இல் வெளியேற்றப்பட்டது. வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய் 1987இல் அந்தச் சங்கத்தின் பக்கம் தீர்ந்தது. 1989இல் உலகம் முழுக்க விதி மாறியது. விதி மாறியும் நம் மேசை மாறப் பல வருடம் ஆனது. இப்போது சேர்ந்திருக்கும் அம்மிணிகளே, வரவேற்புரையும் ஆரத்தித் தட்டும் உங்கள் தலையில் வந்து விழும். ஒரு முறை செய்யுங்கள். இரண்டாம் முறை பொருளாளர் பதவியைக் கேளுங்கள்.

11. படத்துக்கு முன்னால் பொழுது விடிய வேண்டும்

ஒரு சக்கர நாற்காலியை ஏழு கைகள் பிடித்திருக்க, அதில் உட்கார்ந்தவர் முகம் மட்டும் தெரியாத படங்கள் நம் ஆபீசில் நிறைய உண்டு. வெட்கமாக இருக்கும். அப்படிப் படத்துக்கு நிற்கத் தோன்றினால் போலியோவை நினைத்துக்கொள்ளுங்கள். 1979இல் பிலிப்பைன்ஸ் பிள்ளைகளுக்குத் தடுப்பு மருந்து கொடுக்க ஆரம்பித்து, 1985இல் அதை உலக வேலையாக எடுத்தது ரோட்டரி. இந்தியாவில் 1995 முதல் அரசாங்கம் போலியோ நாள் நடத்தியபோது நம்மைப் போன்றவர்கள் ஐஸ் பெட்டி தூக்கினோம். ஞாயிறு காலை ஏழு மணிக்குக் காந்திபுரம் பஸ் ஸ்டாண்டில் யார் வந்து நின்றார்கள் என்று நான் கவனித்தேன். கூட்டத்தில் நீளமாகப் பேசியவர்கள் இல்லை. வாரா வாரம் ஃபைன் கட்டிச் சிரித்தவர்கள். வராவிட்டால் அடுத்த கூட்டத்தில் மேசையில் மானம் போகும் என்று அவர்களுக்குத் தெரியும். 2011 ஜனவரி 13 அன்று ஹவுராவில் ஒரு குழந்தைக்குக் கண்டது இந்த நாட்டில் இயற்கையாகப் பரவிய கடைசி போலியோ. 2014 மார்ச் 27 அன்று போலியோ இல்லாத நாடு என்று சான்று வந்தது. அந்த மதியம் சார்ஜென்ட் ஆளுக்கு இரண்டு மடங்கு ஃபைன் போட்டார், காரணம் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

12. காலி நாற்காலியைப் பாருங்கள்

முன்பெல்லாம் ஒரு வாரம் தவறினால் வேறு ஊர்ச் சங்கத்துக்குப் போய் வருகையைச் சரிக்கட்ட வேண்டும். மேக்கப் என்று பேர். ஊட்டியில் குடும்பத்தோடு தங்கியிருந்தபோது "மேக்கப்புக்குப் போயிட்டு வாறேன்" என்றேன். என் வழுக்கைத் தலையை என் வீட்டுக்காரம்மா பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. 2016இல் விதி தளர்ந்துவிட்டது. இப்போது வராதவரை விதி கேட்பதில்லை. நீங்கள் கேளுங்கள்.

அவள் கண் மூடிய மாதம் நான் நாலு வாரம் வரவில்லை. துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாரும் குரலைத் தாழ்த்திப் பேசிவிட்டுப் போனார்கள். ஐந்தாவது வாரம் மதியம் பன்னிரண்டரைக்கு வாசலில் கார் நின்றது. சார்ஜென்ட் இறங்கினார், கையில் டப்பா. நேராக உள்ளே வந்து, என் எதிரே உட்கார்ந்து, "நாலு வாரம் வரலீங்க. நானூறு ரூபா" என்றார்.

நான் அவரையே பார்த்தேன். அவர் டப்பாவை ஆட்டிக் காட்டினார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு மாதத்துக்குப் பிறகு வந்த சிரிப்பு, பாதியில் வேறாகிவிட்டது. அவர் எதுவும் பேசாமல் உட்கார்ந்திருந்தார். பிறகு நான் எழுந்து முகம் கழுவி, அலமாரியில் அவள் சிலுவாடு போட்டு வைத்திருந்த டப்பாவைத் திறந்து நானூறு ரூபாய் எண்ணிக் கொடுத்தேன். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாளே, அதற்குப் பதில் அன்றைக்குத்தான் கையில் இருந்தது. கேட்கத்தான் ஆள் இல்லை.

"பின் எங்கீங்க? அதுக்கு இன்னொரு நூறு" என்றார் அவர். கட்டிவிட்டுத்தான் காரில் ஏறினேன். அடுத்த வாரம் நீங்கள் வரும்போது சில்லறை கொண்டு வாருங்கள். அந்த டப்பாவில் மீதி கொடுக்கும் வழக்கம் இல்லை.