கோதுமை ஆகாதார்க்கு மரச்சீனி

சப்பாத்தி உண்டால் எனக்கு வயிறு பொருமும். இதனைச் சொன்னால் விடுதி நண்பர்கள் நகைப்பர். இது நாவின் செருக்கன்று. சிலருக்குக் கோதுமையே நோய் செய்கிறது என்பதை 1950-இல் டச்சு மருத்துவர் டிக்கே தம் ஆய்வேட்டில் விளக்கினார்.

எங்கள் காஞ்சிரங்குளத்தில் இதற்கு எளிய மாற்று உண்டு. அது விசாகம் திருநாள் மன்னர் (1880–1885) திருவிதாங்கூரில் பரப்பிய மரச்சீனி.

கிழங்கில் நச்சுண்டு. ஆதலால் தோலும் உட்பட்டையும் நீக்கிச் சிறுகச் சிறுக நறுக்குக. நிறைய நீரில் மூடாமல் வேகவைத்து, அந்நீரை வடித்துக் கொட்டுக. தேங்காய், சீரகம், பச்சைமிளகாய், மஞ்சள் அரைத்துச் சேர்த்து, உப்பிட்டு மசித்திடுக. கிழங்கில் புரதம் குறைவு. மீனோ பயறோ உடன் வேண்டும். கடைப் பெருங்காயத்தூளில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும், கவனம்!

நண்பர்களே! ஒருவர் "ஆகாது" என்றால் நகைக்காதீர். அவருக்கு ஆகும் உணவொன்றைச் சமைக்கக் கற்பீர்.