காவிரிக்குக் காவிரியில் எவ்வளவு?

ஆற்று நீரை மாநிலங்கள் பங்கிட்டுக்கொள்வதை அறிவோம். அந்த ஆற்றுக்கே ஒரு பங்கு உண்டா? அணைகளும் கால்வாய்களும் எடுத்தது போக, மீன்களும் கரையோர மரங்களும் கழிமுகமும் பிழைத்திருக்க ஆற்றில் விட்டுவைக்க வேண்டிய நீரைச் சுற்றுச்சூழல் நீரோட்டம் என்கிறோம். அதன் அளவு எப்படி முடிவாகிறது என்பதைக் காவிரியை வைத்தே பார்க்கலாம்.

காவிரி நடுவர் மன்றம் 2007 பிப்ரவரி 5ஆம் நாள் அளித்த இறுதித் தீர்ப்பில், பங்கிடத்தக்க நீரை 740 டி.எம்.சி. எனக் கணக்கிட்டது. ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி. தமிழ்நாட்டுக்கு 419, கர்நாடகத்துக்கு 270, கேரளத்துக்கு 30, புதுவைக்கு 7; சுற்றுச்சூழலுக்கு 10. எஞ்சிய 4, தவிர்க்க இயலாமல் கடலுக்குப் போய்விடும் நீராம். கழிமுகத்துக்கு அந்த நீரும் உணவுதான் என்பதால், இந்தச் சொல்லாட்சி எனக்கு உறுத்துகிறது.

10 என்பது 740இல் ஒன்றரை விழுக்காடுகூட இல்லை. அமெரிக்கரான டென்னண்ட் 1976இல் வெளியிட்ட முறைப்படி, ஆண்டுச் சராசரி ஓட்டத்தில் 10 விழுக்காடு இருந்தால் மீன்கள் சிறிது காலம் தாக்குப்பிடிக்கும். நன்றாக வாழ 30 வேண்டும். அதற்காக உடனே தீர்ப்பைப் பழித்துவிட முடியாது. மாதவாரி அட்டவணையில் ஜூன் முதல் ஜனவரி வரை எல்லையைக் கடந்து வரவேண்டியது 182 டி.எம்.சி. வயலுக்குப் போகும் அந்த நீர் வழியில் ஆற்றையும் வாழவைக்கிறது. சுற்றுச்சூழலுக்கான 10, பிப்ரவரி முதல் மே வரையிலான வறண்ட மாதங்களுக்கு, மாதம் 2.5 வீதம். விநாடிக்கு ஏறத்தாழ ஆயிரம் கன அடி.

2018இல் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டின் பங்கில் 14.75 டி.எம்.சி. குறைத்தது. அதன்படி ஆகஸ்டின் 50 டி.எம்.சி. 45.95 ஆனது, ஜூன் முதல் ஜனவரி வரை எல்லா மாதங்களும் இப்படியே சுருங்கின. அந்த 2.5 மட்டும் குறையவில்லை. நல்ல செய்திதான்.

சிக்கல் அளக்கும் இடத்தில் இருக்கிறது. நீர் அளக்கப்படும் பிலிகுண்டுலு, மேட்டூர் அணைக்கு மேலே உள்ளது. ஒகேனக்கல் பகுதிக்கு இதனால் பயனுண்டு. ஆனால் மேட்டூரில் பாசனத்துக்கான நீர்த்திறப்பு வழக்கமாக ஜனவரி 28இல் நின்று ஜூன் 12இல்தான் மீண்டும் தொடங்கும். ஆக, அந்த நான்கு மாத நீர் நேராக நீர்த்தேக்கத்துக்குள் போகிறது. அதன் கீழே கோடையில் ஆற்றுக்குக் கிடைப்பது பெரும்பாலும் குடிநீருக்காகத் திறந்துவிடப்படுவதுதான். கொள்ளிடத்தின் குறுக்கே உள்ள கீழணையிலும் மாதந்தோறும் ஓர் அளவு விதித்திருந்தால், கழிமுகத்துக்கு இந்த மாதம் எவ்வளவு வந்தது என்று கேட்க ஒரு வழி இருந்திருக்கும்.