மருத்துவக் கடன்: நோய் வருமுன் செய்ய வேண்டியவை



நோய் வந்தால் மருத்துவம் செய்துகொள்ள வேண்டும் என்பது நபி (ஸல்) அவர்கள் காட்டித் தந்த வழி. ஆனால் இன்று நம் குடும்பங்கள் நோயைவிட மருத்துவமனை பில்லுக்கே அதிகம் அஞ்சுகின்றன. தேசிய சுகாதாரக் கணக்குகளின்படி, 2021-22இல் நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் ஏறக்குறைய 39 சதவீதத்தை மக்களே நேரடியாகத் தம் கையிலிருந்து கொடுத்துள்ளனர். கையில் பணம் இல்லாதவர் நகையை அடகு வைக்கிறார், வட்டிக்கு வாங்குகிறார், பிள்ளையின் படிப்பை நிறுத்துகிறார். நோய் ஒருவருக்கு, சுமை வீடு முழுவதற்கும்.

கடன் ஏறிய பிறகு உதவி தேடுவதைவிட, கடன் வராமல் தடுப்பதே எளிது. அதற்கு மூன்று காரியங்கள் செய்யலாம்.

1. காப்பீட்டு அட்டை: ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்குத் தமிழக முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் உண்டு. பட்டியலில் உள்ள சிகிச்சைகளுக்கு, குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை பெறலாம். திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளிலும் இது செல்லும். ரேஷன் அட்டை, ஆதார், வருமானச் சான்றிதழ் ஆகியவற்றை இப்போதே எடுத்து வையுங்கள். மருத்துவமனையில் சேரும்போதே, 'காப்பீடு உண்டா?' என்று முதலில் கேளுங்கள்.

2. சர்க்கரை, இரத்த அழுத்தம்: மாத்திரை வாங்கக் காசில்லை என்று பாதியில் நிறுத்துபவர்கள் நம்மிடையே உண்டு. கவனிக்காமல் விட்டால் சிறுநீரகம் கெட்டு டயாலிசிஸ் வரை போகலாம். ஆரம்ப சுகாதார நிலையங்களில் இந்த மாத்திரைகள் இலவசம். 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள்.

3. ஜகாத்: சூரா அத்தவ்பாவின் 60ஆம் வசனம் ஜகாத் பெறத் தகுதியுள்ள எட்டுப் பிரிவினரைச் சொல்கிறது. ஏழைகளோடு கடன்பட்டோரும் அதில் அடங்குவர். மருத்துவத்துக்காகக் கடன்பட்டு, திருப்பிக் கொடுக்க வழியில்லாமல் தவிப்பவரை ஆலிம்களிடம் கேட்டறிந்து சேர்த்துக்கொள்வோம். கேட்கக் கூச்சப்படுபவரை நாமே தேடிப் போவோம். அவர் பெயரை வெளியே சொல்லாதிருப்போம்.

ஒவ்வொரு ஜமாஅத்திலும் இரண்டு இளைஞர்கள் முன்வந்தால், காப்பீட்டு அட்டை இல்லாத வீடுகளைக் கணக்கெடுத்து விண்ணப்பம் எழுதிக் கொடுக்கலாம். இதற்குப் பணம் தேவையில்லை, நேரம்தான் தேவை. இந்த ஜும்ஆ முடிந்ததும் தொடங்குவோம், இன்ஷா அல்லாஹ்.