வேனின் பின் பேட்டரி ஏன் ஏறவில்லை?

கேள்வி: பழைய டெம்போ டிராவலர் ஒன்றை வாங்கி, படுக்கை, சின்ன ஃபிரிட்ஜ், ஃபேன் எல்லாம் வைத்துக் குடும்பத்தோடு ஊர் சுற்றுவதற்காக மாற்றியிருக்கிறோம். வீட்டு இன்வெர்ட்டருக்குப் போடும் 150 ஏஎச் டியூபுலர் பேட்டரிதான் பின்னால் இருக்கிறது. வண்டி ஓடும்போது ரிலே வழியாக அது ஏற வேண்டும். தீபாவளிக்குக் கம்பெனி லீவு விட்டதும் உடுமலை, மறையூர் வழியாக மூணாறு போனோம். இரண்டாம் நாளே ஃபிரிட்ஜ் நின்றுவிட்டது. வீட்டுக்கு வந்து ஆட்டோமேட்டிக் சார்ஜரில் போட்டால் அதுவும் ஏற்ற மாட்டேன் என்கிறது. பேட்டரி வாங்கி இரண்டு வருடம்தான் ஆகிறது. கடையில் ‘பேட்டரி போச்சு, புதுசு போடுங்க’ என்கிறார்கள். போடலாமா?
— ஒரு வாசகர், அனுப்பர்பாளையம், திருப்பூர்

பதில்: இப்போதைக்கு வேண்டாம். வண்டியில் ஏறாததற்கு ஒரு காரணம் இருக்கிறது; அதைக் கண்டுபிடிக்காமல் புதிது வைத்தால் அதுவும் இதே கதிக்குத்தான் வரும்.

முதலில் சார்ஜர். ஆட்டோமேட்டிக் வகையில் பல, பேட்டரியின் வோல்டேஜ் ரொம்பவும் இறங்கிவிட்டால், பேட்டரியே மாட்டவில்லை என்று எடுத்துக்கொண்டு வேலையைத் தொடங்காது. மல்டிமீட்டரில் 7, 8 வோல்ட் காட்டினால் சங்கதி இதுவாக இருக்கலாம். பழைய டிரான்ஸ்ஃபார்மர் சார்ஜர் வைத்திருக்கும் கடையில் கொடுத்து, 5 ஆம்பியரில் நிதானமாக ஏற்றச் சொல்லுங்கள். அதற்கு முன் மூடிகளைத் திறந்து பாருங்கள். தகடு வெளியே தெரிந்தால் அது மூழ்கும் மட்டும் டிஸ்டில்டு வாட்டர் விடுங்கள். மீதியை முழுக்க ஏறிய பிறகு குறி வரை நிரப்பலாம். போர் தண்ணீர் கூடவே கூடாது. 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டதைப் பார்த்த ஊர் இது, நிலத்தடி நீரில் என்ன உப்பு இருக்கிறது என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்த குளோரைடு தகடுகளை அரித்துவிடும். கேன் தண்ணீரும் சரிப்படாது.

ஏற்றி முடித்துச் சில மணி நேரம் சும்மா விட்டு அளந்தால் 12.5 வோல்ட் அளவில் நிற்க வேண்டும். பிறகு ஆறு செல்லிலும் கிராவிட்டி பார்க்கச் சொல்லுங்கள். டியூபுலரில் 1.240 அளவில் இருந்தால் நல்லது. ஐந்து செல் ஒழுங்காக இருந்து ஒன்று மட்டும் 0.050 குறைந்தால் அந்த செல் போய்விட்டது. கடைக்காரர் சொன்னது சரி.

எனக்கென்னவோ சந்தேகமெல்லாம் ஒயர் மேல்தான். ஒரு ராத்திரி ஃபிரிட்ஜ் ஓடிய பிறகு, இன்ஜினை ஸ்டார்ட் செய்து கொஞ்சம் ரேஸ் கொடுத்து, முன் பேட்டரியில் அளந்து பாருங்கள். 13.8 முதல் 14.4 வரை இருந்தால் ஆல்டர்னேட்டர் நன்றாக இருக்கிறது. உடனே பின் பேட்டரியின் முனையில் வையுங்கள். இன்ஜின் ஓடுவதற்கு முன்பு இருந்த அதே 12.1 காட்டினால் ஃபியூஸ், ரிலே, எர்த், இவற்றில் ஏதோ ஒன்று விட்டிருக்கிறது. 13.3 போலக் காட்டினால் ஒயர் மெலிசு. போக 5 மீட்டர், வர 5 மீட்டர், 6 ஸ்கொயர் எம்எம் காப்பர் ஒயரில் 30 ஆம்பியர் ஓடினால் வழியிலேயே 0.9 வோல்ட் போய்விடும். டியூபுலர் பேட்டரி முழுக்க ஏற 14.4 வரை கேட்கும். மூணாறு வரை ஓட்டினாலும் அரைகுறையாகத்தான் ஏறும். அப்படியே மாதக்கணக்கில் கிடந்தால் தகட்டில் சல்பேட் இறுகிவிடும். 25 ஸ்கொயர் எம்எம் போட்டால் நஷ்டம் 0.2 வோல்ட்தான். எர்த்தைப் பெயின்ட் அடித்த பாடியில் போல்ட் போட்டு விட்டிருந்தால் சுரண்டி மறுபடி முடுக்குங்கள்.

வேனை நிட்டிங் கம்பெனிக்குள் நிறுத்துவீர்களா? பேட்டரி மேல் பஞ்சுத் தூசி படிந்து, ஆசிட் ஈரத்தில் ஊறி, அதுவே கரண்ட் கசியும் வழியாகிவிடும். மீட்டரின் கறுப்பு முனையை நெகட்டிவ்வில் வைத்து, சிவப்பு முனையை மேல்மூடி நெடுக இழுத்துப் பாருங்கள். ஒன்றிரண்டு வோல்ட் காட்டினால் ஆப்ப சோடா கரைத்த தண்ணீரில் நனைத்த துணியால் துடையுங்கள். மூடிகள் இறுக்கமாக இருக்கட்டும், சோடா உள்ளே போகக் கூடாது.

இன்னொன்று, இந்தப் பேட்டரி ஏறும்போது ஹைட்ரஜன் விடும். படுக்கைக்குக் கீழே இருந்தால் தனிப் பெட்டிக்குள் வைத்து, வெளியே காற்று போகக் குழாய் விடுங்கள். செல் போனது உறுதியானால் வாரன்டி அட்டையை எடுங்கள். இன்வெர்ட்டர் பேட்டரியை வண்டியில் வைத்தால் வாரன்டி உண்டா என்பதைக் கேட்டுக்கொண்டு பேசுங்கள்.