மெஸ்ஸில் மிஞ்சுவதைக் குறைக்க

கேள்வி: திண்டுக்கல்லில் சின்னதாக ஒரு மெஸ் நடத்துகிறேன். தினமும் சோறும் சாம்பாரும் மிஞ்சுகின்றன. குறைத்துச் சமைத்தால் வந்தவர்கள் சாப்பாடு இல்லாமல் திரும்பிப் போகிறார்கள். என்ன செய்வது?

பதில்: சட்டியில் மிஞ்சுவது வேறு, இலையில் மிஞ்சுவது வேறு. இரண்டுக்கும் தனித்தனி வாளி வைத்து, கடை மூடும்போது நிறுத்து எழுதுங்கள். இரண்டு வாரத்தில் எந்தக் கிழமை எது வீணாகிறது என்பது தெரிந்துவிடும்.

சட்டி மிச்சத்துக்கு மருந்து, உலையை இரண்டாகப் பிரிப்பது. பாதிச் சோற்றைப் பன்னிரண்டு மணிக்கு வடியுங்கள். மீதியைக் கூட்டம் பார்த்து ஒரு மணிக்குப் போடுங்கள். மூட்டையில் இருக்கும் அரிசி கெடாது, வடித்த சோறு கெடும். கேஸ் செலவு கொஞ்சம் கூடும்தான். வாளியில் விழுகிற அரிசி, பருப்பின் விலையோடு அதை ஒப்பிட்டுப் பாருங்கள். மிஞ்சிய சாம்பாரை மட்டும் மறுநாள் சாம்பாரில் கலக்காதீர்கள். ஒருமுறை புளித்தால் வாடிக்கையே போய்விடும்.

இலை மிச்சத்துக்கு, முதல் சோற்றைக் குறைவாக வைத்து, மறுசோற்றோடு பரிமாறுபவர் சுற்றிவர வேண்டும். அவர் சுணங்கினால் ‘கஞ்ச மெஸ்’ என்று பேர் வாங்குவீர்கள்!

வடை, அப்பளம் பொரித்த எண்ணெயையும் கவனியுங்கள். திரும்பத் திரும்பக் காய்ச்சுவதால் எண்ணெயில் சேரும் மொத்தத் துருவச் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயைச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்பது 2018 ஜூலை முதல் விதி. பயோடீசல் தயாரிக்க இந்தக் கழிவு எண்ணெயைக் காசு கொடுத்து வாங்கும் அனுமதி பெற்ற சேகரிப்பாளர்கள் இருக்கிறார்கள். உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் விசாரியுங்கள். தள்ளுவண்டிக்காரர் மறுபடி பொரிக்க அதிக விலைக்குக் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.