கைரேகையா, முகமா? டேப் வாங்கப் போற தங்கச்சிக்கு

தங்கச்சி, நேத்து ராத்திரி நீ போன்ல கேட்டப்போ சரியா பதில் சொல்ல முடியலை. மடியில கனகாம்பரம், கையில ஈர நார், எதிர்ல ஒரு மாமி கல்யாணத்துக்கு எட்டு வேணி வேணும்னு நின்னுட்டிருந்தாங்க. இப்போ மத்தியானம். வியாபாரம் ஓய்ஞ்ச நேரம். நிதானமா எழுதுறேன்.

முதல் சம்பளத்துல 15,000 ரூபாய்க்குள்ள கடைக்கு ஒரு டேப் வாங்கித் தர்றேன்னு நீ சொன்னதுலயே அம்மாவுக்கு மனசு நிறைஞ்சு போச்சு. ஆர்டர் எழுதி வெக்க, தாதர் பூ மார்க்கெட் கணக்கு போட, சாயங்காலம் தம்பி படிக்கன்னு எல்லாத்துக்கும் அது ஒண்ணுதான். கைரேகை வெச்சுத் திறக்கிறதா, முகம் காட்டித் திறக்கிறதா, எதைப் பார்த்து வாங்கட்டும்னு கேட்டே.

அந்த விலையில பெரும்பாலும் கைரேகை சென்சாரே வராது. 2021ல வந்த ரியல்மி பேட், 2023ல வந்த சாம்சங் கேலக்ஸி டேப் ஏ9, ரெட்மி பேட் எஸ்இ, எதுலயும் இல்லை. சாம்சங்லயே வேணும்னா டேப் எஸ்9 எஃப்இ வரைக்கும் ஏறணும். ஆப்பிள்ல, 2022ல வந்த பத்தாம் தலைமுறை ஐபேடுக்கு மேல் பட்டன்ல இருக்கு. ரெண்டும் நம்ம கைக்கு எட்டாது. ஆனா அம்மா போனை எடுத்துப் பாரு. பத்தாயிரம் ரூபாய் போன்தான், பக்கவாட்டுப் பட்டன்லயே கைரேகை இருக்கு. இதை ஞாபகம் வெச்சுக்கோ, பின்னாடி இதுக்கே திரும்பி வருவேன்.

அப்போ மலிவு டேப்ல மிஞ்சுறது முகம். முகத்தைப் பார்த்து ஆளைக் கண்டுபிடிக்கிற கேமராவை நம்ம கிங்ஸ் சர்க்கிள்லயே வெச்சாங்க. 2023 கணபதிக்கு ஜிஎஸ்பி சேவா மண்டல் பந்தல்ல அப்படி கேமரா போட்டிருக்கோம்னு அவங்களே சொன்னாங்க. 360 கோடிக்கு மேல இன்சூரன்ஸ் எடுத்த வருஷம் அது. அதையெல்லாம் கேட்டுட்டு, முகம்னா பெரிய பூட்டுன்னு நினைச்சுடாதே. பந்தல் கேமராவோட வேலை, கூட்டத்துல ஒரு ஆளைக் கண்டுபிடிக்கிறது. உன் டேப்போட வேலை, எதிர்ல இருக்கிறது நீதானான்னு பார்க்கிறது. அந்த விலை டேப் அதை எப்படிப் பார்க்குது தெரியுமா? முன்பக்கத்து செல்ஃபி கேமராவுல ஒரு படம் பிடிச்சு, நீ முதல்ல பதிஞ்ச படத்தோட ஒப்பிடுது. அவ்வளவுதான். மூக்கு எவ்வளவு முன்னால நிக்குது, கன்னம் எவ்வளவு குழியுதுன்னு அதுக்குத் தெரியாது. ஐபேட் ப்ரோவுல இருக்கிறது வேற ஜாதி. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியில 30,000 புள்ளிகளை முகத்துல அடிச்சு மேடு பள்ளம் அளக்குது. விளம்பரத்துல அதைப் பார்த்துட்டு இதை வாங்குறவங்கதான் நிறையப் பேர்.

2019ல நெதர்லாந்து நுகர்வோர் சங்கம் 110 போன்களை எடுத்துச் சோதிச்சுது. சொந்தக்காரரோட போட்டோவைக் காட்டினதுமே 42 போன் திறந்துக்கிச்சு. வெறும் போட்டோவுக்கே! நம்ம டேப்லயும் இருக்கிறது அதே மாதிரி செல்ஃபி கேமராதான்.

கடையில நின்னுட்டே நீ இதைச் சோதிக்கலாம். லாமிங்டன் ரோடுக்குப் போனாலும் சரி, வேற எங்கே போனாலும் சரி, டெமோ டேப்ல உன் முகத்தைப் பதிஞ்சுடு. அப்புறம் உன் போன்ல நல்ல வெளிச்சத்துல ஒரு செல்ஃபி எடுத்து, அந்தப் போன் திரையை டேப் கேமரா முன்னாடி ஒரு சாண் தூரத்துல பிடி. கொஞ்சம் முன்ன பின்ன நகர்த்திப் பாரு. திறந்துடுச்சுன்னா மேல பேச வேண்டியதே இல்லை. பார்த்து முடிச்சதும் உன் முகத்தை அதுல இருந்து அழிச்சுட்டு வா, மறந்துடாதே.

போன தீபாவளிக்கு நீ வந்திருந்தப்போ நடந்தது ஞாபகம் இருக்கா? பக்கத்து வீட்டு அத்தைகிட்ட இரவல் வாங்கின டேப்ல என் முகத்தைத்தான் பதிஞ்சு வெச்சிருந்தேன். நீ தலைக்கு எண்ணெய் வெச்சுப் பின்னிக்கிட்டு அதை எடுத்தே, நேரா திறந்துக்கிச்சு. சிரிச்சோம். எனக்கு உள்ளுக்குள்ள திக்குனு இருந்துச்சு. கூடப்பிறந்தவங்க முகம் அந்தக் கேமராவுக்கு ஒண்ணுதான். ஆப்பிள் மாதிரி கம்பெனியே, ரட்டைப் பிள்ளைங்க, ஒரே சாயல்ல இருக்கிற அண்ணன் தம்பி, 13 வயசுக்குக் கீழ உள்ள பிள்ளைங்க விஷயத்துல முகம் மாறிப் போக வாய்ப்பு கூடுதல்னு சொல்லியிருக்கு. 2017ல நியூயார்க்ல ஒரு பத்து வயசுப் பையன் அம்மாவோட ஐபோன் எக்ஸைத் தன் முகத்தைக் காட்டியே திறந்தான். 30,000 புள்ளிக்கே அந்த நிலைமைன்னா, ஒத்தை கேமராவுக்கு என்ன சொல்ல?

ஆண்ட்ராய்டுல மூணு தரம் பிரிச்சு வெச்சிருக்காங்க. போலி ரேகை, போலி முகத்தைக் காட்டி ஏமாத்திப் பார்க்கிறப்போ நூத்துக்கு ஏழு தடவைக்கு மேல ஏமாறக் கூடாது. அதுதான் உறுதியான தரம். இருபது வரைக்கும்னா நடுத் தரம். இருபதுக்கு மேல ஏமாந்தா 'சௌகரியத்துக்கு மட்டும்'னு கடைசித் தரம். திரையைத் திறக்கலாம், ஆனா ஆப்களுக்குள்ள நுழைய அதைப் பயன்படுத்த முடியாது. அதனால பேங்க் ஆப் லாக்ல முகம்ங்கிற வசதியே வராம வெறும் பின் நம்பரையே கேட்டா, ஆப் கெட்டுப்போச்சுன்னு நினைக்காதே. அந்த முகப் பூட்டைப் பணத்துக்கு நம்ப முடியாதுன்னு அர்த்தம்.

சரி, கைரேகைன்னா கவலையே இல்லையான்னு கேப்பே. அம்மா கையைப் பக்கத்துல வெச்சுப் பாரு. வலது கட்டைவிரல், ஆள்காட்டி விரல் ரெண்டுலயும் நுனியில குறுக்கால ஒரு வெள்ளைக் கோடு ஓடும். நார் இழுத்து இழுத்து வந்த தழும்பு. முப்பது வருஷம் முடிச்சுப் போட்ட விரல். ரேகை மழுங்கிக் கிடக்கு. போதாக்குறைக்கு நாள் பூரா ஈரச் சாக்கு, ஈர நார். சென்சார் பார்க்கிறது தோல் மேட்டுக்கும் பள்ளத்துக்கும் நடுவுல உள்ள மின்சார வித்தியாசத்தை. நடுவுல தண்ணி புகுந்தா எல்லாம் ஒரே மட்டமாத் தெரியும். ஜூலையில காந்தி மார்க்கெட்டு முழங்கால் தண்ணியில நிக்கிறப்போ, யாரு கை காஞ்சிருக்கும் சொல்லு. தாராவில தோல் வேலை பார்க்கிறவங்க, கும்பார்வாடாவுல மண் பிசையுறவங்க, இட்லிக்கு மாவு அரைக்கிறவங்க, எல்லாருக்கும் இதே பாடுதான். ஊர்ல ரேஷன் கடையில ஆச்சி விரலைத் துடைச்சுத் துடைச்சு வெக்கிறதை நீயே பார்த்திருக்கே.

அதுக்கு ஒரு வழி கண்டுபிடிச்சேன். அம்மா போன்ல வலது கையைப் பதியவே இல்லை. இடது மோதிர விரலைப் பதிஞ்சேன். நார் அந்தப் பக்கம் போறதே இல்லை, ரேகை குழந்தை விரல் மாதிரி பளிச்சுனு இருக்கு. ஒரே விரலை ரெண்டு பேர்ல ரெண்டு தடவை பதிஞ்சேன், ஒண்ணு குளிச்சு அரை மணி நேரம் கழிச்சு, இன்னொண்ணு கடையில வேலை நடுவுல. பதியும்போது விரலை ஒரே மாதிரி வெக்காம, நுனி, ஓரம், கொஞ்சம் சாய்ச்சுன்னு மாத்தி மாத்தி வெக்கச் சொன்னேன். பட்டனை முந்தானையால ஒரு தடவை துடைச்சேன். அன்னையில இருந்து பத்துக்கு ஒன்பது தடவை திறக்குது. முன்னாடி அம்மா கோவத்துல போனையே தூக்கிப் போடப் போனா.

ஆதார்ல ரேகை விழாத பெரியவங்களுக்கு முகம் உதவுதே, பென்ஷன்காரங்க வருஷா வருஷம் குடுக்கிற உயிர்ச் சான்றிதழுக்கு 2021 நவம்பர்ல இருந்து முகமே போதும்னு வெச்சிருக்காங்களேன்னு நீ கேக்கலாம். உண்மை, நல்ல விஷயம். ஆனா அங்கே எதிர்ல நிக்கிறது உயிருள்ள ஆளா, படமான்னு சோதிச்சு, ஆதார்ல பதிஞ்ச முகத்தோட ஒப்பிடறாங்க. இங்கே டேப் தனக்குத் தானே பார்த்துக்குது. ரெண்டையும் ஒரே தட்டுல வெக்காதே.

அதனால கடை டேப்புக்கு என் யோசனை இது. முகத்தை அணைச்சு வெச்சுடு. ஆறு இலக்க பின் நம்பர் போடு. நாலு இலக்கத்துல பத்தாயிரம் விதம்தான் இருக்கு, ஆறுன்னா பத்து லட்சம். அம்மா பிறந்த தேதி, கடை போன் நம்பர் வேண்டாம். கோலம் மாதிரி இழுக்கிற பேட்டர்ன் வேண்டவே வேண்டாம். பூச்சாயம் ஒட்டின விரலால இழுத்தா கண்ணாடியில தடம் அப்படியே நிக்கும், யாரு வேணும்னாலும் சாய்ச்சுப் பார்த்துப் படிச்சுடலாம்.

பின் நம்பரை அம்மாவும் மனப்பாடமா வெச்சிருக்கணும். முகம், ரேகை எது வெச்சாலும் அணைச்சுப் போட்டா முதல்ல கேக்கிறது பின் தான். உறுதியான தரம்னா 72 மணி நேரத்துக்கு ஒரு தடவை கேக்கும், கீழ்த் தரம்னா நாளுக்கு ஒரு தடவை, நாலு மணி நேரம் தொடாம கிடந்தாலும் கேக்கும். போன ஆடி வெள்ளிக்கு இரவல் டேப் சார்ஜ் இறங்கி அணைஞ்சிருந்துச்சு. காலையில அஞ்சரைக்கு அம்மா போட்டா. நம்பர் கேட்டுது. எனக்குத் தெரியும், அம்மாவுக்குத் தெரியாது, நான் தாதர்ல சாமந்தி பேரம் பேசிட்டிருந்தேன். பதினோரு ஆர்டர் அதுக்குள்ள மாட்டிக்கிச்சு. ஞாபகத்துல இருந்ததை வெச்சு அம்மா கட்டினா, மூணு வீட்டுக்குத் தப்பிப் போச்சு. அன்னைக்கு அவ முகத்தைப் பார்க்க முடியலை. இப்போ அந்த நம்பரைத் தினம் கடை திறக்கும்போது ஒரு தடவை அவளையே போடச் சொல்றேன்.

தம்பிக்குத் தனி யூசர் போட்டுக் குடு, எல்லா டேப்லயும் இருக்காது, கடையிலயே கேட்டுக்கோ. அவன் பக்கத்துல வேணும்னா முகம் வெச்சுக்கட்டும், அங்கே இருக்கிறது பாடமும் கார்ட்டூனும்தானே. அதுக்கும் ஒரு விஷயம் பார்க்கணும். டேப்பைப் படுக்க வெச்சுப் பிடிச்சா முன் கேமரா எங்கே வருதுன்னு கவனி. குட்டைப் பக்கத்துல கேமரா இருந்தா, பிடிக்கிற கை அதை மூடிக்கும். பிள்ளை 'திறக்கவே மாட்டேங்குது'னு அழுவான். அப்புறம் 'கண் திறந்திருந்தால் மட்டும்'னு ஒரு ஸ்விட்ச் இருந்தா போட்டு வை. தூங்குறவங்க முகத்துக்கு நேரா பிடிச்சாலும் திறக்காது. கைரேகைக்கு அந்தக் காவலும் கிடையாது. 2016ல அமெரிக்காவுல ஒரு ஆறு வயசுக் குழந்தை தூங்கிட்டிருந்த அம்மாவோட கட்டைவிரலை வெச்சுத் திறந்து 250 டாலருக்குப் பொம்மை வாங்கிடுச்சு. நம்ம தம்பிக்கு இதைச் சொல்லிடாதே.

இன்னொண்ணு. சிம் போட இடமில்லாத வைஃபை டேப்புக்கு ஐஎம்இஐ நம்பர் கிடையாது. அதனால ஹார்பர் லைன் வண்டியில பறிகொடுத்தா அரசாங்கத்தோட சஞ்சார் சாத்தி தளத்துல போட்டு முடக்க வழி இல்லை. கூகுள்ல போய் அதைத் தேடி, பூட்டி, அழிக்கத்தான் முடியும். அந்த கூகுள் கணக்கோட பாஸ்வேர்டு உன்கிட்டயும் இருக்கட்டும், என்கிட்டயும் இருக்கட்டும்.

இப்போ முன்னாடி சொன்னதுக்கு வர்றேன். பணம் போன்லயே இருக்கட்டும். யூபிஐ, பேங்க் ஆப், ஓடிபி வர்ற சிம், எல்லாம் அம்மாவோட இடது மோதிர விரலுக்குப் பின்னாடி பத்திரமா இருக்கு. டேப்ல ஆர்டரும் கணக்கும் மட்டும். அதுல பேங்க் ஆப்பை ஏத்தவே ஏத்தாதே, யாரு சொன்னாலும். அப்படி வெச்சா டேப்புக்குக் கைரேகை இல்லையேன்னு நீ கூடுதலாச் செலவு பண்ண வேண்டியதே இல்லை. அந்தக் காசுல 128 ஜிபி இருக்கிறதா வாங்கு, தம்பி பாடம் எல்லாம் இறக்கி வெச்சுப்பான்.

பெட்டியைப் பிரிக்காம கொண்டு வா. ஞாயித்துக்கிழமை மத்தியானம் வந்தேன்னா அம்மா கை காஞ்சிருக்கும், போன்ல இன்னொரு விரலும் பதிஞ்சுடலாம். இடது சுண்டு விரல் நல்லா இருக்கும்னு தோணுது. வரும்போது டேப்பை நிறுத்தி வெக்க ஒரு ஸ்டாண்டு வாங்கிட்டு வா, தண்ணி படாத உறை ஒண்ணும். பூக்கூடை பக்கத்துலதான் அது உட்காரப் போகுது.